19 நாள் பாப்பாவுக்கு மூக்கடைப்பு, பால் குடிக்க முடியாமல் அழுகிறாள்

பொதிகைச்சாரல்
9 டிசம்பர் 2025, இரவு 11:42

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முதல் குழந்தை, பெண். பிறந்து இன்றோடு 19 நாள். சுகப்பிரசவம், பிறந்தபோது 2.8 கிலோ இருந்தாள். தென்காசிப் பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன். மூன்று நாளாக மழை விடவில்லை, துணி காயவில்லை, சுவரெல்லாம் ஈரம்.

வெள்ளிக்கிழமை பதினாறாம் நாள் என்று பேர் வைத்தோம். வந்தவர்களில் ஒரு சின்னப் பையனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. "தங்கச்சிப் பாப்பா" என்று ஆசையாகக் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து பாப்பாவுக்கு மூக்கில் கர்கர் என்று சத்தம். மார்பைப் பிடிக்கிறாள், இரண்டு மூன்று இழுப்பு இழுக்கிறாள், உடனே விட்டுவிட்டு முகம் சிவக்க அழுகிறாள். அழும்போது ஒரு நாசியில் சளி குமிழியாக வந்து உடைகிறது. தொட்டுப் பார்த்தால் உடம்பு சுடவில்லை.

கற்பூரவல்லிச் சாற்றைத் தேனில் குழைத்து நாக்கில் தடவலாம், சாம்பிராணி காட்டலாம் என்கிறார் அம்மா. அப்பா கடையில் கேட்டு ஒரு மூக்குச் சொட்டு மருந்து வாங்கி வந்திருக்கிறார், இன்னும் பிரிக்கவில்லை. என் கணவர் ஓசூரில் வேலையில் இருக்கிறார், சனிக்கிழமைதான் வர முடியும். குழந்தை மருத்துவர் இருக்கும் ஊருக்கு 14 கிலோமீட்டர். இந்த ராத்திரி நான் என்ன செய்யட்டும்? தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

சேலத்து அம்மா
9 டிசம்பர், இரவு 11:55

பயப்படாதே தங்கச்சி. என் இரண்டாவதுக்கு 25 நாளில் இதே மாதிரி வந்தது. பெரியவன் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டு வந்து ஒட்டினான்.

முதலில் இதைச் சொல். காலையிலிருந்து எத்தனை தடவை மூத்திரம் போனாள்? அழுது முடித்த பிறகு மறுபடி பால் தேடுகிறாளா, அல்லது அசந்து போய்விடுகிறாளா? வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கிறதா? கையால் தொட்டுப் பார்ப்பதை நம்பாதே. நம் கை சில்லென்று இருந்தால் எல்லாமே சுடுகிற மாதிரிதான் தெரியும்.

அப்பா வாங்கி வந்த சொட்டு மருந்தைத் தொடவே தொடாதே. அட்டையில் என்ன பேர் போட்டிருக்கிறது என்று மட்டும் பார்த்து எழுது. நாக்கில் எதையும் தடவ வேண்டாம்.

வெள்ளைச்சேலை
10 டிசம்பர், காலை 12:20

நான் அரசு மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகள் பிரிவில் 14 வருடமாகச் செவிலியர். மருத்துவர் இல்லை. தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். இப்போதுதான் பணி முடிந்து வந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன் அம்மா.

மூன்று நாலு மாதம் வரை குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள். மூக்கு அடைத்தால் வாயைத் திறந்து மூச்சு விட வேண்டும் என்று அவர்களுக்குச் சட்டென்று வராது. பால் குடிக்கும்போது வாயும் அடைபட்டுவிடும். அதனால்தான் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மூச்சுக்காக விட்டுவிடுகிறாள். பசி போகவில்லை, பாலும் பிடிக்காமல் போகவில்லை. பெரியவர்களுக்குச் சாதாரணமான ஒரு ஜலதோஷம் இந்த வயதில் பெரிதாகத் தெரிவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

செய்ய வேண்டியது மூக்கைத் திறந்துவிடுவது. அதற்கு மருந்து வேண்டாம், உப்புநீர் போதும். கடையில் 'சலைன் மூக்குச் சொட்டு, 0.65 சதவீதம்' என்று கேளுங்கள். உள்ளே சோடியம் குளோரைடு மட்டும்தான் இருக்க வேண்டும். வீட்டில் உப்பைக் கரைத்து விட வேண்டாம். அளவும் சரிவராது, சுத்தமும் இருக்காது. பாப்பாவை மல்லாக்கப் படுக்க வைத்துத் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, ஒரு நாசியில் இரண்டு சொட்டு. குழாயின் நுனி மூக்கில் படக் கூடாது. ஒரு நிமிடம் பொறுங்கள். பெரும்பாலும் அவளே தும்முவாள், இளகிய சளி வாசலுக்கு வரும், மெல்லிய பருத்தித் துணியின் நுனியைத் திரித்து ஒற்றி எடுங்கள். அப்புறம் அடுத்த நாசி. பால் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் இதைச் செய்யுங்கள். கொடுத்த பிறகு செய்தால் கக்கிவிடுவாள்.

ரப்பர் உறிஞ்சி வைத்திருந்தால் வெளியிலேயே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியை நாசி ஓரத்தில் வைத்து, பிறகு மெல்ல விட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவைக்கு மேல் வேண்டாம். அதிகமாக உறிஞ்சினால் உள்ளே தோல் வீங்கி அடைப்பு கூடும். மூக்கில் வாய் வைத்து ஊதுவது, உறிஞ்சுவது, விரலை விட்டுக் கோழை எடுப்பது எதுவும் வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். மூச்சை எண்ணப் பழகுங்கள். பாப்பா தூங்கும்போதோ அழாமல் அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். ஒரு ஏற்றமும் இறக்கமும் சேர்ந்தது ஒன்று. கைபேசியில் ஒரு நிமிடம் வைத்து, 60 வினாடியும் முழுதாக எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்காதீர்கள். இந்த வயதில் மூச்சு ஒரே சீராக வராது. வேகமாக நாலு விடுவார்கள், ஐந்து பத்து வினாடி நிறுத்துவார்கள், மறுபடி தொடங்குவார்கள். அது இயல்பு. இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடி ஒருமுறை எண்ணுங்கள். அப்போதும் 60-க்குக் குறையவில்லை என்றால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

மூச்சு இழுக்கும்போது கீழ் விலா குழிந்து உள்ளே போவது, நாசி விரிந்து விரிந்து மூடுவது, முனகல், உதடோ நாக்கோ நீலம் பாய்வது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, வழக்கத்தில் பாதிகூடப் பால் குடிக்காதது, மூச்சு 20 வினாடி நின்றுபோவது, வலிப்பு வந்து வெட்டி இழுப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துப் பாருங்கள். 97.7 முதல் 99.5 வரை சரி. 100.4 தொட்டாலே மருத்துவமனைதான். வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுப் பார்ப்போம் என்பது மூன்று மாதத்துக்குள் கிடையாது. உடம்பு சில்லிட்டுப் போனாலும் காய்ச்சலைப் போலவே ஆபத்து. 97.7-க்குக் கீழே இருந்தால் சட்டை இல்லாமல் உங்கள் நெஞ்சோடு அணைத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் ஏறவில்லை என்றால் கிளம்புங்கள்.

பொதிகைச்சாரல்
10 டிசம்பர், காலை 1:05

அக்கா, எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. தெர்மாமீட்டர் இருந்தது, பிரசவத்துக்குக் கட்டிய பையிலேயே கிடந்தது. 98.4. மூச்சு எண்ணினேன். முதல் தடவை நடுவில் தப்பிவிட்டது. இரண்டாம் தடவை அம்மா டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். 46 வந்தது. விலா குழியவில்லை. இன்று ஏழு தடவை மூத்திரம் போயிருக்கிறாள்.

சொட்டு மருந்து அட்டையில் 'ஆக்சிமெட்டசோலின்' என்று இருக்கிறது. கடையில் "குழந்தைக்குத்தான்" என்று சொல்லிக் கொடுத்தார்களாம். காலையில் கடை திறந்ததும் சலைன் வாங்கி வரச் சொல்கிறேன். இப்போதைக்கு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். ஏழெட்டு நிமிடம் குடித்தாள்.

மருந்துக்கடைத் தம்பி
10 டிசம்பர், காலை 7:30

அக்கா, அந்தப் புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் தஞ்சாவூரில் மருந்தாளுநர். ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் இரண்டும் மூக்குக்குள் ரத்தக் குழாயைச் சுருக்கி அடைப்பை எடுக்கிறவை. பெரியவர்களுக்கு மூன்று நாலு நாள் போடுவது. பச்சைக் குழந்தைக்கு மூக்கிலிருந்து ரத்தத்தில் ஏறினால் மயங்கித் தூங்க வைத்துவிடும், இதயத் துடிப்பும் மூச்சும் மந்தமாகும். சலைனும் அதே மாதிரிக் குட்டிப் புட்டியில்தான் வரும், அதனால் மாற்றி எடுத்துவிட வாய்ப்பு அதிகம். வாங்கும்போது மருந்தின் பேரை வாய்விட்டுப் படித்துப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கே யாராவது "ஒரு சிரப் கொடு, நின்றுவிடும்" என்பார்கள். போன செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. பரிசோதித்ததில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்தே எழுதக் கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாக வேண்டாம் என்று அறிவுறுத்தியது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே உத்தரவு வந்துவிட்டது. கலப்படம் இல்லாத நல்ல சிரப்பாக இருந்தாலும் இந்த வயதுக்கு அதனால் பயன் கிடையாது. இந்த இரண்டு மாதத்தில் என் கடையில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். பரவாயில்லை, நான் கொடுக்கவில்லை.

மன்னைப் பாட்டி
10 டிசம்பர், காலை 10:15

கண்ணு, குழந்தை நன்றாகிவிடுவாள், கவலைப்படாதே. எனக்கு 68 வயது. நாலு பெற்றேன், ஏழு பேரக்குழந்தைகளுக்குக் குளிப்பாட்டிவிட்டேன். மன்னார்குடியில் எங்கள் தெருவில் பிள்ளை பிறந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆனால் ஒன்று சொல்லணும். பெரியவர்கள் செய்ததெல்லாம் தப்பு என்று ஒரே போடாகப் போட்டால் மனசு வலிக்கிறது. நாங்கள் வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுத்தோம், தேன் தடவினோம், தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி காட்டினோம், நெஞ்சில் வெற்றிலையை வாட்டிப் போட்டோம். பிள்ளைகள் வளரவில்லையா? உன் அம்மா உனக்குச் செய்ததைத்தானே உன் பிள்ளைக்குச் சொல்கிறாள்? நர்ஸம்மா, நீங்களே சொல்லுங்கள், இதில் எது ஆகும், எது ஆகாது, ஏன் ஆகாது? காரணம் சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன்.

கோவை அப்பா
10 டிசம்பர், மதியம் 1:40

பாட்டி, உங்கள் மேல் மரியாதையோடு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகனுக்கு 40 நாள் வரை ஒரு வயதான அம்மா தினமும் வந்து குளிப்பாட்டினார். ரொம்ப அன்பானவர். குளிப்பாட்டும் முன் இரண்டு நாசியிலும் காதிலும் காய்ச்சிய நல்லெண்ணெய் ஒவ்வொரு சொட்டு விடுவார். சளி பிடிக்காது என்றார், நாங்களும் நம்பினோம். ஒரு மாதம் கழித்து அவனுக்கு லேசான இருமல் வந்தது, போகவே இல்லை. பால் குடித்தால் மூச்சு வாங்கினான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர் முதலில் கேட்ட கேள்வியே "மூக்கில் எண்ணெய் விடுகிறீர்களா?" என்பதுதான். எண்ணெய் மூக்கு வழியாகச் சத்தமே இல்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடுமாம். தண்ணீர் போனால் புரை ஏறி இருமித் தள்ளிவிடுவார்கள். எண்ணெய் போனால் அந்த இருமலே வராது. உள்ளே தங்கி நிமோனியா ஆகிவிட்டது. 11 நாள் மருத்துவமனையில் இருந்தோம்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நாங்கள் நாலு பேர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

வெள்ளைச்சேலை
10 டிசம்பர், மாலை 6:50

பாட்டி, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

தேனில் ஒரு வகைக் கிருமியின் விதைகள் இருக்கலாம். நமக்கு ஒன்றும் செய்யாது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும், பொட்டுலிசம் என்று பேர். குழந்தை துவண்டு, உறிஞ்சும் சக்தியே போய்விடும். வசம்பில் இருக்கும் அசரோன் என்ற பொருள் நச்சுத்தன்மை கொண்டது. கல்லில் எத்தனை உரசு உரசினால் எவ்வளவு இறங்கும் என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. சாம்பிராணி வாசனையாக இருந்தாலும் புகை புகைதான். ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூக்கை இன்னும் வீங்க வைக்கும். கொசுவர்த்தியும் அப்படியே. கற்பூரம் சேர்ந்த தைலம், களிம்பு எதுவும் இரண்டு வயது வரை வேண்டாம், கற்பூரம் உடம்பில் ஏறினால் வலிப்பு வரும். வெற்றிலையை வாட்டிப் போட்டு நெஞ்சுத் தோல் வெந்த குழந்தைகளை எங்கள் பிரிவில் பார்த்திருக்கிறேன். ஆவி பிடிக்க வெந்நீர்ப் பாத்திரத்தைப் பக்கத்தில் கொண்டு வரவே கூடாது.

ஆனால் பாட்டி, பிள்ளை பெற்ற வீட்டில் தீட்டு என்று சொல்லி வெளியாட்களை உள்ளே விடாமல், தாயையும் பிள்ளையையும் ஒரே அறையில் வைத்துக் காத்தீர்களே, அதைவிட நல்ல வைத்தியம் இந்த வயதில் கிடையாது. இருமுகிறவரை வாசலோடு திருப்பி அனுப்பினீர்கள். வெளியே போய் வந்தால் கைகால் கழுவாமல் பிள்ளையைத் தொட விடவில்லை. இன்றைக்கு நாங்கள் வார்டில் கெஞ்சிக் கேட்பதும் அதைத்தான். அந்தப் பழக்கம் போய்விட்டது, இப்போது பதினாறாம் நாளே மண்டபம் நிறையக் கூட்டம்.

பொதிகைச்சாரல், உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: வாசலில் காவல் அவர்தான். பால் குடித்த பிறகு அரை மணி நேரம் தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளவும் அவர் வேண்டும். தலைக்கு ஊற்றாமல் வெதுவெதுப்பான துணியால் துடைத்தால் போதும். படுக்க வைக்கும்போது மல்லாக்க, தலையணை இல்லாமல், சமமான இடத்தில். சளி இருக்கும்வரை தூளி வேண்டாம், துணி தொய்ந்து கழுத்து மடங்கும். நீங்கள் தயிர், ஆரஞ்சு சாப்பிட்டதால்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதனால் அவளுக்குச் சளி பிடிக்கவில்லை. உங்களுக்கே சளி வந்தாலும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, கை கழுவிவிட்டுப் பால் கொடுங்கள். பாலை மட்டும் நிறுத்தாதீர்கள்.

மன்னைப் பாட்டி
10 டிசம்பர், இரவு 8:05

சரி அம்மா. தீட்டு என்று நாங்கள் சொன்னதற்கு இப்படி ஓர் அர்த்தம் இருக்கிறது என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். வசம்பு இனிமேல் இல்லை. வெற்றிலையும் இல்லை. என் சின்னப் பேத்திக்கு அடுத்த மாதம் பிரசவம், மூச்சு எண்ணுவதை நானும் கற்றுக்கொள்கிறேன்.

பொதிகைச்சாரல்
11 டிசம்பர், மதியம் 3:20

சலைன் விட்டதும் இரண்டு தும்மல், நூல் மாதிரி நீளமாகச் சளி வந்தது. அப்புறம் பன்னிரண்டு நிமிடம் விடாமல் குடித்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "குடிக்கிறாடீ, குடிக்கிறா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தேன் பாட்டிலை அவரே மேல் பரணில் வைத்துவிட்டார். இன்று காலை மூச்சு 50, மதியம் 52. லேசாக இருமல் ஆரம்பித்திருக்கிறது. காய்ச்சல் இல்லை.

வெள்ளைச்சேலை
11 டிசம்பர், இரவு 9:30

நல்லது. ஆனால் இருமல் வந்திருப்பதால் கவனமாக இருங்கள். இந்த மாதிரி வைரஸ் சளி மூக்கில் தொடங்கி, மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் நெஞ்சுக்கு இறங்கக் கூடும். நாளையும் மறுநாளும்தான் உச்சம். ராத்திரி ஒவ்வொரு பாலுக்கும் முன்னால் எண்ணிவிடுங்கள். முடிந்தால் நாளைக் காலையிலேயே மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சேலத்து அம்மா
13 டிசம்பர், காலை 9:10

தங்கச்சி, இரண்டு நாளாகச் சத்தமே இல்லையே. பாப்பா எப்படி இருக்கிறாள்?

கோவை அப்பா
14 டிசம்பர், மாலை 5:00

நல்ல செய்தி வரட்டும். காத்திருக்கிறோம்.

பொதிகைச்சாரல்
16 டிசம்பர், இரவு 7:45

எல்லோருக்கும் வணக்கம். இன்று மதியம்தான் வீட்டுக்கு வந்தோம். பாப்பா என் மடியில் தூங்குகிறாள். நடந்ததைச் சொல்கிறேன்.

11-ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு 54 இருந்தது. ஒரு மணிக்குப் பாலுக்கு எழுப்பினேன், மார்பைப் பிடிக்கவே இல்லை. பசி அழுகையும் இல்லை. கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு துணி நனையவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. சட்டையைத் தூக்கினேன், அம்மா டார்ச் பிடித்தார். 66. கை நடுங்கியது, தப்பாக எண்ணியிருப்பேன் என்று நினைத்து மறுபடி எண்ணினேன். 64. கடைசி விலாவுக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் தோல் ஒரு கோடு போட்ட மாதிரி உள்ளே போய் வந்தது. அழவில்லை, முனகவில்லை, காய்ச்சலும் இல்லை. எண்ணவில்லை என்றால் நன்றாகத் தூங்குகிறாள் என்று நானும் படுத்திருப்பேன்.

அப்பா "மழையில் எப்படி, விடியட்டுமே" என்றார். அம்மாதான் "அறுபதைத் தாண்டியாச்சு, அந்த நர்ஸம்மா என்ன சொன்னாங்க, கிளம்புங்க" என்று 108-க்குப் போன் போடச் சொன்னார். இருபத்தைந்து நிமிடத்தில் வண்டி வந்தது. சட்டையில்லாமல் என் நெஞ்சோடு வைத்து, முகம் மட்டும் வெளியே தெரியப் போர்த்திக்கொண்டேன். வண்டியிலேயே காலில் சின்ன விளக்கு மாதிரி ஒன்றைச் சுற்றினார்கள், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88, 89 என்று காட்டியது. மூக்குக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் வைத்ததும் மெல்ல ஏறியது.

அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். நுரையீரலின் சின்னக் குழாய்களில் வீக்கம், பிராங்கியோலைட்டிஸ் என்றார்கள். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாததால் ரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரைக்கும் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள், இரண்டு நாளில் நிறுத்திவிட்டார்கள். மற்றபடி ஆக்சிஜனும் பாலும்தான் வைத்தியம். முதல் நாள் நான் பீய்ச்சிக் கொடுத்த பாலை வாய் வழியாகக் குழாய் வைத்துக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பாலாடையில். எங்கள் அம்மா வீட்டிலிருந்து எனக்கு ஊட்டிய வெள்ளிப் பாலாடையைக் கொண்டு வந்தார். ஒரு செவிலியர் அதை வாங்கிக் கொதிக்க வைத்துக் கொடுத்து, கன்ன ஓரமாகச் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக விடக் கற்றுக்கொடுத்தார். அவள் நாக்கை நீட்டி நக்கி விழுங்கியதைப் பார்த்து நானும் அம்மாவும் அங்கேயே அழுதுவிட்டோம். நேற்றிலிருந்து மார்பிலேயே குடிக்கிறாள். ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை, வீட்டுக்குத் திரும்பவும் வண்டி கொடுத்தார்கள்.

இப்போது எண்ணினேன், 44.

மன்னைப் பாட்டி
16 டிசம்பர், இரவு 8:00

கண்ணு, படித்துவிட்டுச் சாமி விளக்கை ஏற்றினேன். உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அந்த நேரத்தில் தைரியமாகக் கிளப்பினாளே, மகராசி.

வெள்ளைச்சேலை
16 டிசம்பர், இரவு 10:40

நல்லபடியாக வந்து சேர்ந்தீர்கள், சந்தோஷம் அம்மா. அழாமல், முனகாமல், காய்ச்சல் இல்லாமல் இருந்தாள் என்று எழுதியிருக்கிறீர்களே, இதைப் படிக்கிற எல்லோரும் அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். சின்னக் குழந்தைக்கு உடம்பு முடியாமல் போனால் சத்தம் குறைந்துவிடும். ஊரெல்லாம் கேட்கிற மாதிரி அழுகிற குழந்தையைவிடப் பாலும் கேட்காமல் கிடக்கிற குழந்தையைப் பார்த்தால்தான் எங்களுக்குப் பயம்.

இருமல் உடனே போகாது. இரண்டு மூன்று வாரம்கூட இருக்கலாம். பால் நன்றாகக் குடித்து, எடை ஏறி, ஒரு நாளைக்கு ஆறு துணிக்கு மேல் நனைத்தால் இருமலுக்கென்று தனியாக எதுவும் கொடுக்க வேண்டாம். இன்னும் ஒரு மாதம் கூட்டம் வேண்டாம். முத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் "டாக்டர் கூடாதென்று சொல்லியிருக்கிறார்" என்று சொல்லிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பொதிகைச்சாரல்
17 டிசம்பர், காலை 6:30

சரி அக்கா. ஒரே ஒரு சந்தேகம். ஜனவரி முதல் தேதியோடு 42 நாள் ஆகிறது. எங்கள் ஊரில் புதன்கிழமைதான் தடுப்பூசி. அப்போதும் லேசாக மூக்கு ஒழுகினால் 45-ஆம் நாள் ஊசியைத் தள்ளிப் போடலாமா? போடாமல் இருப்பதுதான் நல்லது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

வெள்ளைச்சேலை
17 டிசம்பர், காலை 7:10

தள்ளிப் போடாதீர்கள். காய்ச்சல் இல்லாமல், பால் நன்றாகக் குடித்தால் லேசான மூக்கு ஒழுகலுக்காக ஊசியை நிறுத்தத் தேவையில்லை. அன்றைக்குப் போடும் பென்டாவேலன்ட் என்ற, ஐந்து நோய்களுக்கான ஊசியில் கக்குவான் இருமலுக்கான தடுப்பும் சேர்ந்திருக்கிறது. இந்த வயதில் கக்குவான் வந்தால் என்ன ஆகும் என்று வார்டில் பார்த்திருக்கிறேன். ஜனவரி 7 புதன்கிழமை வருகிறது, அன்றைக்கே போய்விடுங்கள். தாய் சேய் நல அட்டையோடு மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துப் போய்ச் செவிலியரிடம் காட்டுங்கள். அங்கே மற்ற பிள்ளைகளும் இருமிக்கொண்டிருப்பார்கள், அதனால் உங்கள் முறை வரும்வரை அம்மாவைப் பாப்பாவோடு வெளியே காற்றோட்டமாக உட்காரச் சொல்லுங்கள்.

பொதிகைச்சாரல்
17 டிசம்பர், காலை 7:25

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "நான் வாசலிலேயே இருப்பேன், ஒருத்தரும் கிட்ட வர முடியாது" என்கிறார். இன்று இங்கே வெயில் வந்திருக்கிறது. மொட்டை மாடியில் துணிகளைக் காயப் போட்டுவிட்டு வருகிறேன்.